ஸ்டுடியோ வெப்சைட்டுக்குப் பாட்டு: எந்தச் சேவைக்குக் காசு கட்டலாம்?

கல்யாண போட்டோ ஸ்டுடியோ ஒன்றின் வெப்சைட்டில் பாட்டு வந்து உட்காரும் இடங்கள் மூன்று. முகப்பில் ஓடும் ஷோரீல் (ஸ்டுடியோவின் நல்ல காட்சிகளைத் தொகுத்த சின்ன வீடியோ), ஒவ்வொரு ஜோடிக்கும் போடும் ஹைலைட்ஸ் வீடியோ, வாடிக்கையாளருக்கு லிங்க் அனுப்பும் ஆன்லைன் கேலரியின் ஸ்லைடுஷோ. இவற்றுக்கு எங்கே இசை வாங்கலாம், எதை வாங்கினால் காசு வீண், எதைச் சும்மா எடுத்தால் வம்பு என்பதைப் பார்க்கலாம். இங்கே சேவைகளை எடை போட்டிருப்பது பாட்டின் இனிமையை வைத்து அல்ல. கேட்பதற்கு எல்லாமே இன்று ஏறக்குறைய ஒரே தரம்தான். உரிமத்தில் வெப்சைட் வருகிறதா, வாடிக்கையாளர் வேலை வருகிறதா, சந்தா நின்ற பிறகு என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளில்தான் ஆட்கள் கவிழ்கிறார்கள்.

நான்காவதாக ஓர் இடம் இருந்தது. பக்கம் திறந்ததும் தானாகப் பாடும் பின்னணி இசை. அதை மறந்துவிடலாம். சத்தத்தோடு தானாக ஓடும் மீடியாவை சஃபாரி 2017இலும், குரோம் 2018 ஏப்ரலிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2019இலும் தடுக்கத் தொடங்கிவிட்டன. முகப்பு வீடியோ தானாக ஓட வேண்டுமானால் மியூட்டில்தான் ஓடும். பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டில் உள்ள வீடியோ டேகில் ஆட்டோபிளே, மியூட்டட், லூப், பிளேஸ்இன்லைன் நான்கும் இருக்க வேண்டும். கடைசியை விட்டால் ஐபோனில் தகராறு. மியூட்டில் ஓடப்போகும் வீடியோவுக்குப் பாட்டே எதற்கு? எக்ஸ்போர்ட் செய்யும்போது ஆடியோ டிராக்கையே எடுத்துவிடுங்கள். "மியூட்தானே, கேட்காதே" என்று சினிமாப் பாட்டோடு அந்த ஃபைலை சர்வரில் வைத்திருப்பவர்கள் உண்டு. கேட்காவிட்டாலும் அது ஒரு நகல்தான். ஃபைலை யார் வேண்டுமானாலும் இறக்கி, சத்தத்தைத் திறந்து கேட்கலாம்.

சினிமாப் பாட்டு ஏன் ஆகாது

ஒரு சினிமாப் பாட்டு சட்டத்தின் கண்ணில் ஒன்று அல்ல, மூன்று. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. நாம் காதால் கேட்கும் பதிவு ஒலிப்பதிவு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பு தருகிறது. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவரின் ஆயுளோடு 60 ஆண்டு; ஒலிப்பதிவுக்கு அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. படத்தின் மேல் பாட்டை ஒட்டுவதற்கு, மெட்டும் வரியும் யார் கையில் இருக்கின்றனவோ அவரிடம் ஓர் அனுமதி, பதிவு எந்த ஆடியோ கம்பெனியிடம் இருக்கிறதோ அங்கே ஓர் அனுமதி என்று இரண்டு வேண்டும். தொழிலில் முதலாவதை சிங்க் உரிமம் என்றும் இரண்டாவதை மாஸ்டர் உரிமம் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே கம்பெனியிடம் இருந்தால் அதிர்ஷ்டம். இளையராஜா பாடல்களுக்கு உரிமை யாருடையது என்பதே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வழக்காக நடந்திருக்கிறது. அப்படி இருக்கையில் ஒரு சின்ன ஸ்டுடியோ யாரிடம் போய்க் கையெழுத்து வாங்கும்?

"மண்டபத்தில் பாடலாம், கல்யாணத்துக்கு விலக்கு உண்டு" என்ற பேச்சு போட்டோகிராபர்களிடையே நிறைய உலவுகிறது. அது பாதி உண்மை. சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு மதச் சடங்குகளில் இசையை ஒலிக்க விடுவதற்கு விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற விழாக்களும் அதில் அடங்கும் என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. மண்டபங்களில் காசு வசூலிக்க வருகிறார்கள் என்ற புகார்களுக்குப் பிறகு, 2023 ஜூலை 24 அன்று மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதை நினைவூட்டி ஒரு பொது அறிவிப்பும் வெளியிட்டது. ஆனால் விலக்கு அந்த விழாவில் நடக்கும் நிகழ்த்தலுக்கு. ரிசப்ஷனில் டிஜே போட்ட பாட்டை அறுத்து, டிரோன் ஷாட்டின் மேல் ஒட்டி, "புக்கிங்குக்கு அழைக்கவும்" என்ற பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தால் அது கல்யாணம் அல்ல, விளம்பரம்.

பாட்டு உரிமையாளர்களுக்காகக் காசு வசூலிக்கும் அமைப்புகளான ஐபிஆர்எஸ்ஸின் ரசீது இருக்கிறது, பிபிஎல்லின் ரசீது இருக்கிறது என்பதும் இதே ரகம். மண்டபமோ ஹோட்டலோ வாங்கும் அந்த உரிமங்கள் பொது இடத்தில் பாட்டை ஒலிக்க விடுவதற்கானவை. உங்கள் வீடியோவில் பாட்டைச் சேர்க்கும் அனுமதி அந்தத் தாளில் இல்லை. ஸ்பாட்டிஃபை பிரீமியமும், காசு கொடுத்து இறக்கிய எம்பி3யும் நீங்கள் காதில் கேட்பதற்கு மட்டும்.

30 விநாடி வரை போடலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி சில நேரம் ஏமாறலாம், உரிமை மாறாது. "பாட்டு உரிமையாளருக்கே சொந்தம், நன்றி" என்று கீழே எழுதுவது ஒப்புதல் வாக்குமூலம்தான். கீபோர்டில் நாமே வாசித்த கவர் என்றால் ஒலிப்பதிவு உங்களுடையது. மெட்டு அப்போதும் இசையமைப்பாளருடையது. கவர் பதிவுக்குச் சட்டத்தில் 31சி என்று ஒரு வழி இருக்கிறது. முதல் பதிவு வந்து 5 ஆண்டு கழிந்திருக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். கட்டினாலும் அது பாட்டாக வெளியிடத்தான், படத்தோடு ஒட்ட அல்ல.

மீறினால் என்ன? 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக அல்ல என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் ஸ்டுடியோ வெப்சைட்டுக்கு அந்தச் சலுகையைக் கேட்பது கடினம். நடைமுறையில் முதலில் வருவது போலீஸ் அல்ல, வெப்சைட்டைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியின் மெயில். அமெரிக்க ஹோஸ்டாக இருந்தால் அந்த நாட்டுச் சட்டப்படி பக்கம் உடனே இறங்கும். நீங்கள் மறுப்பு அனுப்பினாலும் திரும்ப ஏற 10 முதல் 14 வேலை நாள் ஆகும். தை, வைகாசி முகூர்த்த சீசனில் இரண்டு வாரம் வெப்சைட் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெரிய கம்பெனிகளை ஆடியோ லேபிள்கள் நேராகவே கோர்ட்டுக்கு இழுக்கின்றன. சமூக ஊடகப் பதிவுகளில் பாட்டு போட்டதற்காக சோனி மியூசிக் 2021இல் உடற்பயிற்சி உடை விற்கும் ஜிம்ஷார்க் மீதும் 2024இல் ஹோட்டல் கம்பெனியான மேரியட் மீதும் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அங்கே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்ததாக நிரூபித்தால் 1,50,000 டாலர் வரை நஷ்டஈடு விதிக்கலாம்.

காசு கட்டும் சேவைகள்

எபிடெமிக் சவுண்ட், 2009இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. இதன் பலம், பாட்டின் எல்லா உரிமைகளையும் கம்பெனியே வாங்கி வைத்திருப்பது. மெட்டுக்கு ஓர் இடம், பதிவுக்கு ஓர் இடம் என்று அலைய வேண்டாம். ராயல்டி வசூலிக்கும் சொசைட்டி எதுவும் பின்னால் வந்து கை நீட்டாது. இன்னொரு வசதி ஸ்டெம்கள். டிரம்ஸ், பாஸ், மெலடி என்று தனித்தனியாக இறக்கலாம். மணமகள் அப்பாவின் கால் தொட்டு வணங்கும் இடத்தில் டிரம்ஸின் சத்தத்தை மட்டும் குறைத்து மெலடியை ஓட விடுவது எடிட்டருக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. குறை, திட்டங்களின் படிநிலை. கீழ்ப்படித் திட்டம் தன் சொந்தச் சேனலுக்கு வீடியோ போடும் தனிநபருக்கானது. வாடிக்கையாளர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வீடியோ, கம்பெனி விளம்பரம் எல்லாம் மேல்படியில்தான். விலை குறைவாக இருக்கிறதே என்று கீழ்ப்படியை எடுத்துக் கல்யாண வீடியோவுக்குப் போடுவதுதான் இங்கே பரவலாக நடக்கும் தவறு. சேனலைக் கணக்கோடு இணைக்க மறந்தால் யூடியூபில் கிளெய்ம், அதாவது பாட்டுக்கு உரிமை கோரும் அறிவிப்பு, விழும். இணைத்தபின் அது விலகும், பயப்பட வேண்டாம்.

ஆர்ட்லிஸ்ட் இஸ்ரேல் கம்பெனி. சந்தா நடப்பில் இருக்கும்போது வெளியிட்ட படைப்பு, சந்தா நின்ற பிறகும் செல்லும். ஆண்டுக்கு 30, 40 ஹைலைட்ஸ் எடிட் செய்யும் ஸ்டுடியோவுக்கு இந்த ஒரு வாசகமே போதும். இங்கேயும் அதே கண்ணிவெடிதான். சமூக ஊடகத்துக்கான சின்னத் திட்டத்தில் வாடிக்கையாளர் வேலை கிடையாது. அதற்கு புரோ வகைத் திட்டம் வேண்டும். தேடும் வசதி நன்றாக இருக்கிறது. உணர்வு, வேகம், இசைக்கருவி, நீளம் என்று வடிகட்டலாம். ஹைலைட்ஸ் 4 நிமிடம் என்றால் 4 நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டுகளை மட்டும் காட்டச் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் இரண்டரை நிமிடப் பாட்டை இரண்டு முறை ஓட்டி, நடுவில் ஒட்டுப்போட்ட இடம் பல்லிளிக்கும்.

மியூசிக்பெட், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் ஊர்க்காரர்களுடையது. பாட்டில் குரல் வேண்டும், கேட்டால் "லைப்ரரி மியூசிக்" என்று தெரியக்கூடாது என்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. தனிப்பாட்டாகவும் வாங்கலாம், சந்தாவாகவும் கட்டலாம். தனிப்பாட்டு உரிமம் ஒரு படைப்புக்கானது. ஒரு ஜோடியின் ஹைலைட்ஸுக்கு வாங்கியதை அடுத்த ஜோடிக்குப் போட முடியாது. கல்யாண வீடியோ என்று எடுத்த உரிமம் உங்கள் ஸ்டுடியோ விளம்பரத்துக்குச் செல்லாது. வாங்கும்போது எந்தப் பயன்பாடு என்று கேட்கும் இடத்தில் அவசரப்பட்டு டிக் அடிக்காதீர்கள். ஷோரீலுக்கு ஆண்டுக்கு ஒரு நல்ல பாட்டு மட்டும் போதும் என்றால் தனிப்பாட்டாக இங்கே வாங்குவது சந்தாவைவிட மானமான வழி.

மூன்றுக்கும் பொதுவான ஒரு குறை, நம் ஊர்ச் சத்தம் இல்லை. இந்திய இசை என்று தேடினால் வருவது பெரும்பாலும் சித்தாரும் தபலாவும். மதுரைக் கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சிக்கு சித்தார் போட்டால் வட இந்திய ஹோட்டல் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். இதற்கு வழி பின்னால் வருகிறது.

இலவசம் என்று சொல்பவை

யூடியூப் ஆடியோ லைப்ரரி நம்பிக்கையானது. யூடியூப் ஸ்டுடியோவுக்குள் போனால் இடப்பக்கம் கிடைக்கும். அங்கே இரண்டு வகை உரிமம் கலந்து கிடக்கிறது. ஒன்று யூடியூபின் சொந்த உரிமம், பாட்டைப் படைத்தவரின் பெயர் போடத் தேவையில்லை. இன்னொன்று கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 (படைத்தவரே எல்லோருக்கும் திறந்துவிடும் பொது உரிமம்), பெயர் போட்டே ஆக வேண்டும். வடிகட்டியில் "பெயர் குறிப்பிடத் தேவையில்லை" என்பதைத் தேர்ந்தெடுத்தால் தலைவலி குறையும். காசு இல்லாத ஆரம்ப ஸ்டுடியோ ஷோரீலை யூடியூபில் ஏற்றி, வெப்சைட்டில் அதை எம்பெட் செய்துகொள்வது, அதாவது யூடியூப் பிளேயரையே பக்கத்துக்குள் பதிப்பது, சுத்தமான வழி. உலகமே எடுத்துப் போடும் பாட்டுகள் என்பதால் "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்ற பேச்சு வரும். அந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளலாம்.

எம்பெட் பற்றி ஒரு வார்த்தை. ஆடியோ கம்பெனியின் பாடல் வீடியோவையே எம்பெட் செய்து, பிளேயரை ஒரு புள்ளி அளவுக்குச் சுருக்கி, சத்தம் மட்டும் கேட்கும்படி வைக்கும் தந்திரத்தைச் சில வெப்சைட் வடிவமைப்பாளர்கள் செய்து தருகிறார்கள். யூடியூப் விதிப்படி பிளேயர் குறைந்தது 200க்கு 200 பிக்சல் இருக்க வேண்டும், அதை மறைக்கக்கூடாது, ஆடியோவைத் தனியே பிரிக்கக்கூடாது. செய்துதரச் சொன்னது யார் என்று கேள்வி வந்தால் விரல் உங்களைத்தான் காட்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டுகளில் உரிமத்தின் பின்னொட்டைப் படியுங்கள். என்சி என்று இருந்தால் வியாபார வெப்சைட்டில் போட முடியாது. என்டி என்று இருந்தால் பாட்டை மாற்றக்கூடாது என்று அர்த்தம். மாற்றாமல் முழுசாகப் போடலாமே என்று தோன்றும், ஆனால் அசையும் படத்தோடு இசையை ஒத்திசைப்பதே மாற்றம்தான் என்று உரிமத்தின் வாசகமே சொல்கிறது. ஆகவே வீடியோவுக்கு என்டி உதவாது. எஸ்ஏ என்றால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். முகம் தெரியும் கல்யாண வீடியோவை அப்படித் திறந்துவிட எந்த வாடிக்கையாளரும் சம்மதிக்கமாட்டார். மிச்சம் இருப்பவை, பெயர் போட்டால் போதும் என்ற பையும், அதையும் கேட்காத சிசி0வும்.

பிக்சபே என்ற இலவசத் தளத்தின் பாட்டுகளை வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், பெயர் போட வேண்டாம். பாட்டை ஏற்றுபவர்கள் பொதுமக்கள் என்பதால், ஏற்றியவர் உண்மையிலேயே உரிமைக்காரர்தானா என்ற சந்தேகம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். சில பாட்டுகள் கன்டென்ட் ஐடியிலும் பதிவாகியிருக்கும். யூடியூபில் ஏற்றினால் கிளெய்ம் வரும். இறக்கும்போதே உரிமச் சான்றிதழையும் சேர்த்து இறக்கி வையுங்கள். முகப்பு ஷோரீலுக்கு வேண்டாம், கேலரி ஸ்லைடுஷோவுக்குப் போதும் என்பது இதற்கான மதிப்பெண்.

இன்ஸ்டாகிராமில் நிலைமை வேறு. பிசினஸ் கணக்குக்குச் சினிமாப் பாட்டு நூலகம் முழுசாகத் திறப்பதில்லை. திறக்காததற்குக் காரணமே அது வியாபாரம் என்பதுதான். அதற்காகக் கணக்கைத் தனிநபர் வகைக்கு மாற்றி, பாட்டோடு ரீல் செய்து, அதை இறக்கி வெப்சைட்டில் ஏற்றுகிறார்கள். இன்ஸ்டாகிராமுக்குள் மெட்டா வாங்கி வைத்திருக்கும் உரிமம் ரீலோடு வெளியே நடந்து வராது. மெட்டா சவுண்ட் கலெக்‌ஷனில் உள்ள இசையும் அவர்களின் தளங்களுக்குள் போடத்தான். மொபைல் எடிட்டிங் ஆப்களுக்குள் கிடைக்கும் பாட்டுகளையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். வியாபாரப் பயன்பாட்டுக்கு என்று தனியாகக் குறித்திருந்தால் ஒழியத் தொடாதீர்கள்.

ஏஐ இசையா? ஏஐயால் பாட்டு செய்து தரும் சுனோவின் இலவசக் கணக்கில் செய்தவை வியாபாரத்துக்கு ஆகாது, காசு கட்டிய கணக்கில் ஆகும். ஆனால் அந்தக் கம்பெனி மீதும் அதே வேலை செய்யும் உடியோ மீதும் பெரிய லேபிள்கள் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. ஷோரீலுக்கு இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம்.

நாதஸ்வரத்தை நீங்களே பதிவு செய்யுங்கள்

எந்த லைப்ரரியிலும் கிடைக்காத சரக்கு ஒவ்வொரு முகூர்த்தத்திலும் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாதஸ்வர செட்டைத் தனியாக அழைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். ராகத்துக்கு உரிமையாளர் கிடையாது. ஆனந்தபைரவி, கல்யாணி, மோகனம் ஆலாபனைகள் எடுங்கள். கீர்த்தனை வேண்டுமென்றால் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்தவர்கள், தடையில்லை. பழைய கீர்த்தனை என்று நினைத்து பாபநாசம் சிவனை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அவர் மறைந்தது 1973. 2033 முடியும் வரை உரிமை உயிரோடு இருக்கிறது. பாரதியின் வரிகள் பொதுச் சொத்து, ஆனால் அவற்றுக்குச் சினிமாவில் போட்ட மெட்டு பொதுச் சொத்து அல்ல. "கல்யாண வீட்டில் எல்லோரும் வாசிக்கிறார்களே" என்று சினிமாப் பாட்டை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தால் மறுபடியும் முதல் படிக்கே வந்துவிடுவீர்கள்.

பதிவு மண்டபத்தில் வேண்டாம். எதிரொலி, மைக் செட் இரைச்சல், கூட்டம். ஓடு வேய்ந்த வீட்டு முற்றமோ, கனமான திரை போட்ட ஹாலோ நல்லது. நாதஸ்வரம் சத்தமான வாத்தியம், மைக்கை அனசுக்கு (விரிந்த வாய்ப்பகுதிக்கு) நேராக நீட்டினால் சத்தம் கிழியும். 6 முதல் 8 அடி தள்ளி, கொஞ்சம் உயரத்தில், அச்சிலிருந்து விலக்கி வையுங்கள். தவிலுக்கு, விரலால் வாசிக்கும் வலந்தலைப் பக்கம் தனி மைக். கூடு போட்ட விரல் அடியும் குச்சி அடியும் வேறு வேறு குணம். ஒரே மைக்கில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் குச்சிதான் ஜெயிக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக, உச்சம் மைனஸ் 12 டெசிபெல் தாண்டாமல் எடுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 17 எம்பி அளவு வரும். ஆலாபனை 3 நிமிடம், தவில் தனி 1 நிமிடம், கெட்டிமேளம் மட்டும் 20 விநாடியாக ஐந்தாறு முறை எடுத்து வையுங்கள். கெட்டிமேளத்தைத் தனியாக எடுக்காமல் விட்டவர்கள் பிறகு டைம்லைனில் அழுவார்கள். தாலி முடிச்சின் குளோசப் 12 விநாடி இருக்கும், பாட்டின் நடுவிலிருந்து அதை வெட்டி எடுக்க முடியாது.

அடுத்தது தாள். பதிவை ஏற்பாடு செய்து செலவு ஏற்பவர் என்ற முறையில் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் ஸ்டுடியோதான். ஆனால் வாசிப்பவர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. செட் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி என்று எத்தனை பேர் உட்கார்ந்தார்களோ அத்தனை பேரும் போட வேண்டும். தாளில் பதிவு நாள், வாசித்தவை, கொடுத்த தொகை, எங்கெல்லாம் பயன்படும் என்பவை வேண்டும். வெப்சைட், யூடியூப், இன்ஸ்டாகிராம், வாடிக்கையாளருக்கான வீடியோ என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். மறக்கக்கூடாதவை இரண்டு வரிகள்: காலம், எல்லை. எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுதான் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. வெப்சைட்டுக்கு இந்தியாவுக்குள் மட்டும் என்ற உரிமை எதற்கும் உதவாது, டொராண்டோவில் இருக்கும் மணமகன் வீட்டார்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள். பொடியனை வைத்துக் கணினியில் இசையமைத்து வாங்கினாலும் இதே தாள் வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே ப்ரோ" வந்தது உரிமை மாற்றத்துக்கு ஆகாது, கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். தொகையில் கஞ்சத்தனம் வேண்டாம், வியாபாரமாகப் பயன்படும்போது நிகழ்த்துநருக்கு ராயல்டி கேட்கவும் உரிமை உண்டு. முழுத் தொகையையும் கணக்கையும் முதலிலேயே பேசிவிடுவது மரியாதை.

இதே கவனம் கல்யாண நாளின் நேரடி ஒலிக்கும் வேண்டும். மாலை மாற்றும்போது பின்னால் டிஜே பாட்டு ஓடினால் அந்த கிளிப்பின் ஒலியை எடுத்துவிட்டு, பதிவு செய்த நாதஸ்வரத்தை அங்கே வையுங்கள். பாட்டு இல்லாத கூட்டத்தின் சலசலப்பை, சிரிப்பை, வளையல் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாக எடுத்து வைத்திருந்தால் ஒட்டு தெரியாது.

சொல்லவே வேண்டிய ஒரு பக்கவாட்டுச் செய்தி: காசு வாங்கிக்கொண்டு எடுத்த கல்யாணப் புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வாடிக்கையாளர்தான் என்கிறது 17ஆம் பிரிவு. பாட்டுக்கு உரிமம் தேடும் நேரத்தில் படத்துக்கும் புக்கிங் படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு

பாட்டு இறக்கிய அன்றே ஒரு ஃபோல்டர். அதில் பாட்டின் வேவ் ஃபைல், உரிமச் சான்றிதழின் பிடிஎஃப், பில், அன்றைய உரிம வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட், எந்த வீடியோவில் போட்டீர்கள், என்றைக்கு எந்த முகவரியில் வெளியிட்டீர்கள் என்ற குறிப்பு. வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட் ஏன் என்றால், சேவைகள் திட்டங்களின் பெயரையும் விதியையும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் வாங்கிய நாளில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் உங்கள் சாட்சி. சந்தா உங்கள் ஸ்டுடியோ பெயரில் இருக்க வேண்டும். எடிட்டிங்கை வெளியே கொடுப்பவர்கள் எடிட்டரின் சொந்தக் கணக்கில் இறக்கிய பாட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்; அவர் வேலையை விட்டுப் போனால் சான்றிதழும் அவரோடு போய்விடும்.

யூடியூபில் கிளெய்ம் வந்தால் பதற வேண்டாம், கிளெய்ம் வேறு, சேனலுக்கே எச்சரிக்கையாக விழும் ஸ்டிரைக் வேறு. 90 நாளில் மூன்று ஸ்டிரைக் வந்தால்தான் சேனல் போகும். உரிமம் கையில் இருந்தால் டிஸ்பியூட் (மறுப்பு) போட்டு, காரணத்தில் உரிமம் என்பதைத் தேர்ந்து, சான்றிதழ் எண்ணைக் குறிப்பிடுங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். உரிமம் இல்லாமல் டிஸ்பியூட் போடுவது வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது.

சந்தாவை நிறுத்த நினைக்கும் வாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எடிட் முடிந்து வாடிக்கையாளர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் வீடியோக்கள் "வெளியிட்டவை" கணக்கில் வராது. அவற்றை முதலில் ஏற்றிவிடுங்கள். சந்தா நின்ற பிறகு பழைய ஷோரீலில் இரண்டு ஷாட்டை மாற்றி மறுபடி ஏற்றினால் அது புதுப் படைப்பு. பாட்டுக்கு உரிமம் இல்லை. வெப்சைட்டைப் புதிதாக வடிவமைக்கும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கிறது. வடிவமைப்பாளர் "வீடியோவைக் கொஞ்சம் சின்னதாக்கித் தாருங்கள்" என்பார், எடிட்டர் பழைய புராஜெக்டைத் திறந்து வெட்டி அனுப்புவார். அந்த இடத்தில் பழைய ஃபைலை அப்படியே கம்ப்ரஸ் செய்து கொடுங்கள், டைம்லைனைத் தொடாதீர்கள்.